வெளியே திரியும் பூனைக்கு லுகேமியா தடுப்பூசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் தனி வீடுகளும் மூன்று மாடிக் குடியிருப்புகளும் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. தெருவின் இந்த முனையில் மொட்டை மாடி ஏறும் பூனை, தரையில் கால் வைக்காமலேயே அந்த முனைக்குப் போய்விடும். அப்படித் திரிந்து வளர்ந்த எங்கள் ஆண்பூனை சாம்பி, இரண்டு வயது நிறைவதற்குள் பூனை லுகேமியா வைரஸால் இறந்தது. அதன் பிறகு அக்கம்பக்கத்தினரும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஊசி போடுவதா வேண்டாமா என்ற முடிவை உங்கள் பூனையைத் தொட்டுப் பார்த்த மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குத் தயாராகப் போவதற்கு இது உதவும்.

பூனை லுகேமியா என்பது புற்றுநோயா, தொற்றுநோயா?

தொற்றுநோய், சில பூனைகளில் அதுவே புற்றுநோயாகவும் முற்றுகிறது. 1964-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரட்டும் அவருடைய குழுவினரும், ஒரே வீட்டில் வளர்ந்த பல பூனைகளுக்கு அடுத்தடுத்து நிணநீர்க் கட்டி வந்ததைக் கவனித்து ஆராய்ந்தபோது இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். 'லுகேமியா' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. ஆனால் பாதிக்கப்பட்ட பூனைகள் எல்லாவற்றுக்கும் ரத்தப் புற்றுநோய் வருவதில்லை. ரெட்ரோவைரஸ் வகையைச் சேர்ந்த இது, தன் மரபுப்பொருளைப் பூனையின் செல்களுக்குள்ளேயே பொருத்திவிடுகிறது. எலும்பு மஜ்ஜையைத் தாக்கினால் ரத்தசோகை வருகிறது. எதிர்ப்புச் சக்தியைக் குலைத்தால், மற்றப் பூனைகளுக்குச் சாதாரணமாக வந்து போகும் சளியும் வாய்ப்புண்ணும் இந்தப் பூனைக்கு ஆறாமல் நீடிக்கின்றன. நிணநீர்த் திசுவில் கட்டி வந்தால் அதுதான் லிம்போமா.

உள்ளே புகுந்த வைரஸை நிரந்தரமாக அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை. தடுப்பூசியைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.

எப்படிப் பரவுகிறது?

முக்கியமாக எச்சில் வழியாக. நோயுள்ள பூனையின் எச்சிலிலும் மூக்கு நீரிலும் வைரஸ் நிறைய இருக்கும். ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும்போதும், ஒரே கிண்ணத்தில் சேர்ந்து தின்னும்போதும், கடித்துச் சண்டையிடும்போதும் அது அடுத்த பூனைக்குப் போகிறது. தாயிடமிருந்து குட்டிக்குக் கருவிலேயோ, பால் வழியாகவோ, தாய் குட்டியை நக்கும்போதோ போகலாம்.

பூனைகளின் எய்ட்ஸ் என்று சொல்லப்படும் எஃப்.ஐ.வி. வேறு வைரஸ். அது பெரும்பாலும் ஆழமான கடிக்காயங்களால் பரவுவது. ஆகவே சண்டைக்கார ஆண்பூனைகளிடம் அதிகம் காணப்படுவது. லுகேமியா வைரஸோ நட்பாகப் பழகும் பூனைகளிடையிலும் பரவும். "எங்கள் பூனை சாது, யாரோடும் சண்டைக்குப் போகாது" என்று சொல்லி இதில் நிம்மதியடைய முடியாது. சாம்பியும் சண்டை தெரியாத பூனைதான். எதிர்வீட்டு மாமி தினமும் காலையில் ஒரு பெரிய அலுமினியத் தட்டில் தயிர்சாதம் பிசைந்து மதில்மேல் வைப்பார். ஆறு ஏழு பூனைகள் அதைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு தின்னும். தின்று முடித்ததும் ஒன்றின் கன்னத்தில் ஒட்டிய சோற்றை இன்னொன்று நக்கும். எத்தனையோ நாள் நானே அதைப் பார்த்து ரசித்திருக்கிறேன்.

மாமியின் மீது குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தத் தட்டு இல்லாவிட்டால் அவற்றில் பாதி பட்டினி கிடந்திருக்கும். "மாமி, ஒரே தட்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் தள்ளித்தள்ளி வைக்கலாமா?" என்று கேட்டபோது மறுநாளே வைத்துவிட்டார். தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கும் எல்லாரும் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் இது.

பொருட்கள் வழியாகவும் தொற்றுமா?

பூனையின் உடலுக்கு வெளியே இந்த வைரஸ் நீண்ட நேரம் பிழைப்பதில்லை. எச்சில் உலர்ந்ததும் சில மணி நேரத்தில் செயலிழந்துவிடும். சோப்புத் தண்ணீருக்கும் பிளீச்சிங் கரைசலுக்கும் தாங்காது. நெருங்கிய, நீடித்த பழக்கம்தான் ஆபத்து.

எந்த வயதுப் பூனைக்கு ஆபத்து அதிகம்?

குட்டிகளுக்கு. வயது கூடக்கூட உடலுக்கு இந்த வைரஸை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே கூடுகிறது. நன்கு வளர்ந்த பூனைகளில் பல, வைரஸ் உள்ளே வந்தாலும் அதை அடக்கிவிடுகின்றன. எட்டு வாரக் குட்டியால் அது பெரும்பாலும் முடிவதில்லை. ஆனால் பெரிய பூனைக்கு நோய் வரவே வராது என்று இதற்குப் பொருள் இல்லை. நோயுள்ள பூனையோடு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வாழ்ந்தால் வளர்ந்த பூனைக்கும் தொற்றலாம்.

தடுப்பூசி முடிவில் நான் அதிக எடை கொடுப்பது வயதுக்குத்தான். ஊசி அதிகம் தேவைப்படுவதும் அதிகம் பலன் தருவதும் முதல் ஒரு வயதுக்குள்தான்.

ஏற்கெனவே பூனைக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. அதில் இதுவும் அடங்கியிருக்கும்தானே?

பெரும்பாலும் அடங்கியிருக்காது. இந்தக் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் தவறியது இங்கேதான்.

சென்னையில் பூனைகளுக்கு வழக்கமாகப் போடப்படும் முத்தடுப்பூசி மூன்று நோய்களுக்கானது: குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் பன்லுகோபீனியா, சளியும் கண்நோயும் தரும் ஹெர்பிஸ் வைரஸ், வாய்ப்புண் தரும் கேலிசி வைரஸ். வெறிநோய் ஊசி தனி. லுகேமியா ஊசி அதனினும் தனி. இதில் பெயரும் குழப்புகிறது. 'பன்லுகோபீனியா' என்பது வெள்ளணுக்கள் குறைந்துபோகும் வேறொரு வைரஸ் நோய். 'லுகேமியா'வோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. தடுப்பூசி அட்டையில் 'லுகோ' என்ற எழுத்துகளைப் பார்த்து இரண்டும் ஒன்றே என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

சாம்பிக்கு நான்கு மாதம் ஆவதற்குள் முத்தடுப்பூசியின் இரண்டு தவணைகளும் வெறிநோய் ஊசியும் போட்டிருந்தேன். "எல்லா ஊசியும் முடிந்தது, அடுத்த வருடம் வாருங்கள்" என்று அந்த மருத்துவமனையில் சொன்னார்கள். 'எல்லா' என்ற சொல்லை நான் அப்படியே நம்பினேன். பூனை வெளியே போகிறதா என்று அவர்களும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. ஆகையால் முதலில் அட்டையை எடுத்து ஒட்டியிருக்கும் சிட்டைகளைப் படியுங்கள். எஃப்.இ.எல்.வி. (FeLV, பூனை லுகேமியா வைரஸின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகள் எதிலும் இல்லையென்றால் லுகேமியா ஊசி போடப்படவில்லை.

இந்த ஊசி சென்னையில் கிடைக்குமா?

எல்லா மருத்துவமனைகளும் இதை இருப்பில் வைப்பதில்லை. சில இடங்களில் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியிருக்கும். சில காலம் கிடைக்காமலும் போகும். பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். "பூனைக்குத் தடுப்பூசி இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்றே பதில் வரும். "லுகேமியா தடுப்பூசி, எஃப்.இ.எல்.வி., இருக்கிறதா? அதற்கான ரத்தச் சோதனை உங்களிடம் உண்டா?" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் விசாரிக்கலாம்.

மருந்துக்கடையில் வாங்கி நீங்களே எடுத்துச் செல்ல நேர்ந்தால், 2 முதல் 8 டிகிரி குளிருக்குள்ளேயே அது இருக்க வேண்டும். ஐஸ் பை வைத்த டப்பாவில், குப்பி ஐஸை நேரடியாகத் தொட்டு உறைந்துவிடாதபடி துணி சுற்றி, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் அரை மணி நேரம் கிடந்த ஊசியை நம்ப முடியாது.

ஊசிக்கு முன் ரத்தச் சோதனை கட்டாயமா?

ஆம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்கெனவே வைரஸ் புகுந்த பூனைக்கு இந்த ஊசியால் எந்தப் பயனும் இல்லை. நோயை அது குறைக்கவும் செய்யாது. சோதிக்காமல் போட்டால் பணம் வீணாவதோடு போகாது. நோயுள்ள பூனையை 'பாதுகாப்பான பூனை' என்று நம்பி மற்றப் பூனைகளோடு பழகவிடுவீர்கள். அதுதான் பெரிய கேடு. பின்னாளில் நோய் தெரியவரும்போது ஊசி தோற்றுவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் ஊசிக்கு முன்பே வைரஸ் உள்ளே இருந்திருக்கும்.

சோதனை எளிது. முன்னங்காலிலோ கழுத்திலோ கொஞ்சம் ரத்தம் எடுத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியின் குழியில் சில துளிகள் விடுவார்கள். ரத்தம் மெல்லப் பட்டையில் ஏறும். பத்து நிமிடத்தில், சோதனை சரியாக நடந்தது என்று காட்டும் ஒரு கோடு தெரியும். வைரஸின் புரதம் ரத்தத்தில் இருந்தால் இரண்டாவது கோடும் தெரியும். சாம்பிக்கு அந்த இரண்டாவது கோடு முதல் கோட்டுக்கு முன்பே வந்துவிட்டது. இது வைரஸையே தேடும் சோதனை, அதை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவதில்லை. அதனால் சிறு குட்டிக்கும் செய்யலாம். முன்பு லுகேமியா ஊசி போட்டிருந்தாலும் அது முடிவைக் குழப்பாது.

ஒரு சோதனையில் 'இல்லை' என்று வந்தால் அத்தோடு முடிந்தது என்று சொல்ல முடியாது. போன வாரம்தான் தொற்றியிருந்தால் வைரஸ் இன்னும் ரத்தத்தில் போதிய அளவு சேர்ந்திருக்காது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத குட்டியையும், நோயுள்ள பூனையோடு பழகியது என்று தெரிந்த பூனையையும் குறைந்தது 30 நாள் கழித்து இன்னொரு முறை சோதிக்க வேண்டும். அதுவரை வீட்டிலுள்ள மற்றப் பூனைகளிடமிருந்து பிரித்து வைப்பது நல்லது.

சோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால்?

அன்றே எந்த முடிவும் எடுக்காதீர்கள். நன்றாக விளையாடிக்கொண்டு, நோய்க்குறி எதுவும் இல்லாத பூனைக்குப் பாசிட்டிவ் வந்தால் அது தவறான முடிவாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஆய்வகத்தில் பிசிஆர் போன்ற வேறொரு முறையில் உறுதிசெய்ய வேண்டும். உறுதியானாலும் சில பூனைகள் வைரஸை ஓரளவு அடக்கி, ரத்தத்தில் தெரியாத நிலைக்குக் கொண்டுபோகின்றன. அப்படிப்பட்ட பூனைகள் பொதுவாக மற்றவற்றுக்குப் பரப்புவதில்லை. பல ஆண்டுகள் நலமாகவும் இருக்கலாம். ஆனால் அவற்றின் ரத்தத்தை வேறு பூனைக்கு ஏற்றக் கூடாது. ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் வைரஸ் மீண்டும் தலைதூக்கவும் கூடும். எனவே எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த விவரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வைரஸ் அடங்காமல் ரத்தத்தில் நீடிக்கும் பூனைகளில் பெரும்பாலானவை, கண்டறியப்பட்டதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றன. அந்த மூன்று ஆண்டுகளும் வாழ்வுதான். வெளியே விடாமல், மற்றப் பூனைகளோடு சேர்க்காமல், கருத்தடை செய்து, பச்சை மீனும் பச்சைக் கறியும் கொடுக்காமல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டி வைத்திருந்தால் அவை சந்தோஷமாகவே இருக்கும். பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காகக் கருணைக்கொலை செய்ய வேண்டிய அவசியம் இல்லை. இதை என்னால் அமைதியாக எழுத முடியவில்லை. ஏனென்றால் சாம்பிக்கு அந்த ஆலோசனையைத்தான் முதலில் ஒருவர் சொன்னார். அதன் பிறகும் அது ஐந்து மாதம் ஜன்னல் ஓரத்து வெயிலில் படுத்து, அணில்களைப் பார்த்துப் பல்லை நறநறவென்று ஆட்டிக்கொண்டு வாழ்ந்தது.

எந்தப் பூனைக்குப் போட வேண்டும், எதற்கு வேண்டாம்? நேராகச் சொல்லுங்கள்.

அமெரிக்க விலங்கு மருத்துவமனைகளின் சங்கமும் பூனை மருத்துவர்களின் சங்கமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பூனைகளுக்கும் லுகேமியா ஊசியை அவசியமானதாக வைக்கிறது; வளர்ந்த பூனைகளுக்கு அவை வாழும் முறையைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும், இந்த வைரஸ் புழங்கும் இடங்களில் இளம் பூனைகளுக்கும் வெளியே போகும் பூனைகளுக்கும் இது அவசியம் என்ற கருத்தையே சொல்கிறது.

நம் தெருக்களுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் என் எண்ணம் இதுதான். ஒரு வயதுக்குள் இருந்து, மாடி தாண்டிப் போகும் பழக்கம் உள்ள குட்டிக்கு, சோதனையில் இல்லை என்று வந்தால், ஊசி கிடைக்கும் பட்சத்தில் தயங்காமல் போடலாம். இரண்டு மூன்று வயதாகியும் தினமும் வெளியே போய்ப் பொதுத் தட்டில் தின்று, இரவில் சண்டையிட்டுக் காதோரம் கிழிந்து வரும் பூனைக்கும் போடுவதே சரி. வீட்டில் ஒரு பூனைக்கு நோய் இருப்பது தெரிந்து, அதைத் தனி அறையில் வைக்க இடமில்லாத குடும்பத்தில், மற்றப் பூனைகளுக்குக் கண்டிப்பாகப் போட வேண்டும்; ஊசி போட்டாலும் நூற்றுக்கு நூறு காப்பு இல்லை என்பதால் பிரித்து வைக்கும் முயற்சியையும் கைவிடக் கூடாது.

அண்ணா நகரிலோ வேளச்சேரியிலோ ஏழாவது மாடிக் குடியிருப்பில் பால்கனிக்கு வலை போட்டு வளரும் ஆறு வயதுப் பூனைக்கு இந்த ஊசி தேவையில்லை. எட்டு வயது தாண்டி, வாசல் திண்ணையில் வெயில் காய்ந்துவிட்டு உள்ளே வந்துவிடும் பூனைக்கும் நான் வற்புறுத்த மாட்டேன். ஒரு முறை சோதித்துவிட்டு மருத்துவர் சொல்வதைக் கேட்டால் போதும். காய்ச்சலில் இருக்கும் பூனைக்குத் தேறிய பிறகுதான் ஊசி. சினையாக இருக்கும் பூனைக்கும் தள்ளிப்போட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் உண்டு: இப்போது வீட்டுக்குள் இருக்கும், ஆனால் கதவு திறந்தால் நழுவிப்போகும் ஐந்து மாதக் குட்டிகள். பெரியதாகி எப்படி வாழும் என்று இன்று சொல்ல முடியாத அந்தக் குட்டிகளுக்கு முதல் ஆண்டில் போட்டுவிட்டு, ஒரு வயதில் மறுபடி யோசிப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

ஊசிக்குப் பதிலாகப் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் போதாதா?

போதும், ஊசியைவிடச் சிறந்த காப்பும் அதுதான். ஆனால் நம் வீடுகளில் அதைச் செய்து காட்டுவது கடினம். மின்சாரம் போனதும் எல்லாக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்துவிடுகிறோம். பால் பாக்கெட் எடுக்க, கோலம் போட, குப்பை கொடுக்க என்று விடிந்ததிலிருந்து வாசல் திறந்தே கிடக்கிறது. கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் கதவைச் சாத்த, இன்னொருவர் திறப்பார். முழுதாக அடைக்க முடியாதவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் மட்டுமாவது உள்ளே வைத்துக்கொண்டால், பூனைகள் கூடிச் சண்டையிடும் நேரம் பெரும்பாலும் தவிர்க்கப்படும். கருத்தடை செய்த பூனை அலைவது வெகுவாகக் குறையும். பெண்பூனை நான்கு மாதத்திலேயே சினைப்படக்கூடும். ஆகவே அறுவைசிகிச்சையைத் தள்ளிப்போடாமல் நான்கு, ஐந்து மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

எத்தனை தவணை? எப்போது?

எட்டு வாரம் முடிந்த பிறகு முதல் தவணை. மூன்று அல்லது நான்கு வாரம் கழித்து இரண்டாம் தவணை. ஒரு தவணையோடு நிறுத்தினால் காப்பு கிடைக்காது. இரண்டாவது தவணை நீண்ட நாள் தள்ளிப்போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரண்டாம் தவணை முடிந்து இரண்டு, மூன்று வாரம் ஆகும் வரை பூனையை வெளியே விடக் கூடாது. ஒரு வருடம் கழித்து ஓர் ஊக்கத் தவணை. அதன் பிறகு, ஊசியின் வகையையும் பூனைக்கு உள்ள ஆபத்தையும் பொறுத்து, ஆண்டுக்கு ஒரு முறை முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வரை மருத்துவர் சொல்வார். வெளியே போவதை நிறுத்திவிட்ட பூனைக்கு ஊக்கத் தவணை இன்னும் தேவையா என்று ஒவ்வொரு முறையும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வரும் என்கிறார்களே?

அந்த அச்சம் ஆதாரமற்றது அல்ல. ஊசி போட்ட இடத்தில் சில பூனைகளுக்கு சார்கோமா என்ற கொடிய கட்டி வருவதை 1991-இல் அமெரிக்க நோயியல் அறிஞர்கள் கவனித்து எழுதினார்கள். வெறிநோய் ஊசியையும் லுகேமியா ஊசியையும் ஒட்டியே அப்போது அதிகம் பேசப்பட்டது. இது அரிதானது: பத்தாயிரம் பூனைகளுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு என்றே பொதுவாகக் கணிக்கிறார்கள். தெருவில் திரியும் ஓர் இளம் பூனைக்கு லுகேமியாவால் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. வீட்டை விட்டு நகராத வயதான பூனைக்கோ, இல்லாத ஆபத்துக்காக இந்தச் சிறிய ஆபத்தையும் ஏற்க வேண்டியதில்லை.

லுகேமியா ஊசியை இடது பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே போடும் வழக்கம் உண்டு. வெறிநோய் ஊசி வலது பின்னங்காலில். கட்டி வந்தால் அந்தக் காலை எடுத்தாவது உயிரைக் காப்பாற்றலாம் என்பதே காரணம். இரண்டு தோள்களுக்கு நடுவில் வந்தால் முழுவதுமாக வெட்டி எடுப்பது மிகக் கடினம். எந்த இடத்தில் போட்டார்கள் என்று அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பின் பட்டாணி அளவில் ஒரு சிறு வீக்கம் தோன்றி, சில வாரங்களில் கரைவது சாதாரணம். அது மூன்று மாதம் ஆகியும் போகாவிட்டாலோ, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஊசி போட்டு ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருந்தாலோ, உடனே மருத்துவரிடம் காட்டித் திசுச் சோதனை செய்யக் கேளுங்கள்.

ஊசி போட்ட அன்று என்ன கவனிக்க வேண்டும்?

மருத்துவமனையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். முகம் வீங்குவதும், தொடர்ந்து வாந்தி எடுப்பதும், மூச்சு வாங்குவதும் ஒவ்வாமையின் அறிகுறிகள். அரிதாக வரும், வந்தால் நிமிடங்களில் சிகிச்சை வேண்டும். மற்றபடி ஒன்றிரண்டு நாள் சோர்ந்து படுப்பதும், சாப்பாடு குறைவதும், இலேசான காய்ச்சலும் தானாகவே சரியாகும்.

அந்தக் காய்ச்சலுக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டு கூடக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கான சிரப்பும் கூடாது. பூனையின் கல்லீரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்து, ஒரே மாத்திரையில் பூனை இறந்துவிடக்கூடும்.

ஈறு வெளுத்திருக்கிறது. லுகேமியாவாக இருக்குமா?

இருக்கலாம், ஆனால் உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். மேலுதட்டை விரலால் மெல்லத் தூக்கினால் நலமான பூனையின் ஈறு ரோஜா நிறத்தில் இருக்கும். சாம்பிக்கு அது சமையல்கட்டு வெள்ளை ஓடு போல வெளிறியிருந்தது. விரலால் அழுத்தி எடுத்தபோது நிறம் மாறியதே தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அது ஸ்டூல் மேல் ஏறாமல் தரையிலேயே படுத்திருந்ததை, வெயிலின் களைப்பு என்று நினைத்திருந்தேன்.

ஆனால் தெள்ளுப்பூச்சி மொய்த்துச் சிறு குட்டியின் ரத்தம் குறைந்தாலும், தெள்ளோடு சேர்த்துப் பேசப்படும் ஹீமோபிளாஸ்மா என்ற ரத்தக் கிருமி தாக்கினாலும், ஈறு இப்படியே வெளுக்கும். அவற்றுக்கு நல்ல மருந்து உண்டு. ஆகவே ஈறு வெளிறினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், ரத்தச் சோதனையில் லுகேமியாவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். எடை குறைந்துகொண்டே போவது, ஆறாத வாய்ப்புண், கழுத்திலும் தொடையிடுக்கிலும் கட்டிகள், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இளம் பூனைக்குக் காரணமில்லாமல் மூச்சுத் திணறல் ஆகியவையும் சந்தேகிக்க வேண்டியவை.

கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது. எதை முதலில் செய்வது?

வெளியே போகும் பூனைக்கு முதலில் வெறிநோய் ஊசி. அது பூனையை மட்டும் அல்லாமல் வீட்டில் உள்ளவர்களின் உயிரையும் காக்கிறது. அறிகுறி வந்த பின் பிழைக்க வழியில்லாத நோய் அது. அடுத்து முத்தடுப்பூசி, ஏனென்றால் பன்லுகோபீனியா ஒரே வாரத்தில் குட்டியைக் கொண்டுபோய்விடும். மூன்றாவது கருத்தடை. அதற்குப் பிறகுதான் லுகேமியா சோதனையும் ஊசியும். பெரிய குடும்பமாகப் பூனை வளர்ப்பவர்களுக்கு மட்டும் இந்த வரிசையை மாற்றிச் சொல்வேன்: புதிதாக ஒரு பூனையை உள்ளே சேர்ப்பதற்கு முன் சோதனை வந்துவிட வேண்டும்.

தெருப்பூனைகள் எல்லாவற்றையும் பிடித்துச் சோதித்து ஊசி போட வேண்டாமா?

மனம் அப்படித்தான் சொல்லும். ஆனால் இரண்டு தவணைக்கும் ஊக்கத் தவணைக்கும் அதே பூனையை மறுபடி மறுபடி பிடிப்பது நடக்காத காரியம். அந்தப் பணத்தில் கருத்தடையும் வெறிநோய் ஊசியும் செய்தால் பலன் அதிகம். குட்டிகள் குறையக் குறைய, எளிதில் நோய்க்கு ஆளாகும் உடல்களும் குறைகின்றன. வடகிழக்குப் பருவமழையில் மாடிப்படிக்கு அடியிலும் வண்டிகளின் கீழும் பூனைகள் ஒண்டும்போது, ஒரே இடத்தில் ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு மூன்று சிறிய அட்டைப்பெட்டிகளைத் தள்ளித்தள்ளி வையுங்கள்.

மனிதர்களுக்கும் நாய்க்கும் தொற்றுமா?

தொற்றாது. கருவுற்ற பெண்கள் வீட்டில் இருந்தாலும் இந்த நோய்க்காகப் பூனையை வெளியேற்ற வேண்டியதில்லை.

எங்கள் பூனை இந்த நோயால் இறந்துவிட்டது. வேறு பூனை கொண்டுவர எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

வைரஸைப் பொறுத்தவரை அதிக நாள் வேண்டாம். கிண்ணங்களையும் மலத்தொட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் தரையைத் துடைத்து, படுக்கைத் துணிகளைத் துவைத்து வெயிலில் காய வைத்துச் சில நாள் விட்டால் போதும். பன்லுகோபீனியாவில் இறந்திருந்தால் கதை வேறு. அந்தக் கிருமி வீட்டில் ஒரு வருடம்கூடத் தங்கும். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால், புதியதைக் கொண்டுவருவதற்கு முன் அவற்றை இரண்டு முறை, 30 நாள் இடைவெளியிலாவது, சோதித்துவிடுங்கள். சாம்பியோடு ஒரே மெத்தையில் தூங்கிய எங்கள் பெண்பூனைக்கு இரண்டு முறையும் ஒற்றைக் கோடுதான் வந்தது. அதன் பிறகே லுகேமியா ஊசியைப் பற்றி மருத்துவரிடம் பேசினோம். மாடிக்கதவின் கீழ் இடைவெளியில் இப்போது ஒரு மரச்சட்டம் அடித்திருக்கிறோம். மாமியின் மதில்மேல் ஐந்து கொட்டாங்கச்சிகள் இருக்கின்றன.